நோட்டீஸ்ல ‘கருப்பர் இசை’ன்னு போட்டுட்டேன், திங்கட்கிழமை கூப்பிடறாங்க. என்ன பண்றதுங்க?

கொழிஞ்சாம்பாறைத் தம்பி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. ஊரு பாலக்காடு கொழிஞ்சாம்பாறை. இங்க வந்து 11 வாரந்தான் ஆச்சு. வேலை செய்யற எடத்துல வெள்ளிக்கிழமை பாட்டு நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் எழுதச் சொன்னாங்க. கருப்பர் இசைன்னு எழுதினேன். கூட வேலை செய்யற அம்மா ஒருத்தங்க அதைப் படிச்சுட்டு ஒண்ணும் பேசாம ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டு வெளிய போயிட்டாங்க. மேனேஜர் திங்கட்கிழமை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்காரு. அந்தப் பேரு எல்லாரும் சொல்றதுதானுங்களே? விசாவை ரத்துப் பண்ணி அனுப்பிருவாங்களா? ரெண்டு ராத்திரியா தூக்கமில்லீங்க. வீட்ல சொல்லலை.

செங்கோட்டை அக்கா:
தம்பி, மொதல்ல வயித்துக்குச் சாப்பிடு. நான் 2009 டிசம்பர்ல வந்தேன். ஹீட்டர் எப்படிப் போடணும்னு தெரியாம பத்து நாள் போர்வையச் சுத்திக்கிட்டு அழுதுருக்கேன். கேக்க ஆளில்ல. வீட்டு அட்வான்ஸுக்கு ரசீது வாங்கிட்டியா? அத உடனே வாங்கிரு. எனக்கு ரசீது இல்லாமத்தான் முழுப் பணமும் போச்சு. இந்த நோட்டீஸ் சங்கதியெல்லாம் ரெண்டு வாரத்துல மறந்துருவாங்க, சொல்லுதேன்.

களியக்காவிளைக்காரன்:
அக்கா, மறக்க மாட்டாங்க. ஒருத்தன் நிறத்த வச்சு பாட்டுக்குப் பேரு போடப்பிடாது, கேட்டியா மக்கா. இதுக்கு நூறு வருசக் கதை உண்டு. 1920-ல மேமி ஸ்மித்துன்னு ஒரு கருப்பினப் பெண் பாடுன தட்டு அமெரிக்காவுல அடிச்சுப் பிடிச்சு வித்துது. உடனே கம்பெனிக்காரங்க அந்தப் பாட்டுக்குன்னு தனி வரிசை உண்டாக்கி ‘ரேஸ் ரெக்கார்ட்ஸ்’னு, அதாவது ‘இனத் தட்டு’ன்னு, விளம்பரம் போட்டாங்க. தெற்குப் பக்கத்து வெள்ளைக்காரப் பாட்டு ‘ஹில்பில்லி’ன்னு வேற வரிசை. ரெண்டு கூட்டமும் ஒருத்தங்கிட்ட இருந்து ஒருத்தன் ராகம் கத்துக்கிட்டவங்கதான். விக்கதுக்காவ பிரிச்சாங்க. எந்தப் பாட்டு நல்லா ஓடுதுன்னு பட்டியல் போடுத அமெரிக்கப் பத்திரிகை பில்போர்டு 1945-ல ‘ரேஸ்’னே ஒரு பட்டியல் போட்டுது. 1949-ல அங்க வேல பாத்த ஜெரி வெக்ஸ்லர் சொன்ன ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ங்கிற பேரு அந்த எடத்துக்கு வந்துது. அந்தப் பேரே கூடாதுன்னு அப்பவே தெரிஞ்சாச்சு.

குமுளி செக்போஸ்ட்:
பாதிக் கதை சொல்றீங்க அண்ணே. ‘ரேஸ்’ங்கிறது அந்தக் காலத்துல அவங்களே பெருமையா வெச்சுக்கிட்ட சொல்லு. அந்த விளம்பரமெல்லாம் சிகாகோ டிஃபெண்டர் மாதிரி அவங்க நடத்துன பேப்பர்லயே வந்துச்சு. அதே பில்போர்டு 1982-ல பட்டியலுக்கு ‘பிளாக்’னு பேரு வெச்சு, 1990-ல திரும்ப ஆர் அண்ட் பி-க்கே, அதான் ரிதம் அண்ட் ப்ளூஸுக்கே, போச்சு. இங்கிலாந்துல மோபோ விருது இருக்கே, கன்யா கிங் 1996-ல ஆரம்பிச்சது. அதோட விரிவே ‘கருப்பினத்துல பிறந்த இசை’ன்னுதான். அதை யாரும் அவமானம்ங்கிறது இல்ல. தம்பி பயப்படாதீங்க, தப்பே இல்ல.

களியக்காவிளைக்காரன்:
அது அவங்க அவங்களுக்கு வச்ச பேரு. இவன் ஆரு வைக்கதுக்கு?

நகரி நண்பன்:
இது நமக்குப் புரியாத விஷயமா? எங்க பக்கம் தெலுங்குக்காரங்க தமிழை ‘அரவம்’னுதான் சொல்வாங்க. பக்கத்து வீட்டு அவ்வா சொன்னா ஒண்ணும் தோணாது. காலேஜ் ஹாஸ்டல்ல என் தட்டைத் தள்ளி வெச்சுட்டு ஒருத்தன் அதே சொல்லால கூப்பிட்டான். அன்னிக்கு நான் சாப்பிடல. இங்க வந்தும் அதே கதை. முதல் ஆறு மாசம் என் பேரைச் சொல்ல வாய் வராம ‘கறி பாய்’னு கூப்பிட்டாங்க. ஓவர்டைம் காசும் தரல.

செங்கோட்டை அக்கா:
காசு தராதவன் எல்லா ஊர்லயும் இருக்கான். எனக்கு மூணு மாசம் சம்பளம் பாதிதான் வந்தது. நம்ம ஆளு நடத்துன கடைதான் அது. அதச் சொன்னா மனசு வலிக்கும்.

நகரி நண்பன்:
நம்ம ஆளுங்ககிட்ட வேலைக்கே போகக் கூடாதுக்கா. வாடகை வேற ஏத்திட்டாங்க.

வாளையார் டீச்சர்:
வாடகையை அப்புறம் பேசலாம். பையன் தூங்கலைன்னு எழுதியிருக்கான். தம்பி, எந்த நாடு? நோட்டீஸ்ல இங்கிலீஷ்ல என்ன இருந்துச்சு, எழுத்துக்கு எழுத்து சொல்லு. அச்சுக்குப் போகறதுக்கு முன்னால யார் பார்த்தாங்க?

கொழிஞ்சாம்பாறைத் தம்பி:
மன்னிக்கணுமுங்க டீச்சர், பதட்டத்துல விட்டுட்டேன். இங்கிலாந்துங்க, ஓட்டல் வேலை. வெள்ளிக்கிழமைக்குப் பெரிய எழுத்துல ‘பிளாக் மியூசிக் நைட்’. அதுக்குக் கீழ ‘பட் எவ்ரிஒன் வெல்கம்’. சனிக்கிழமைக்கு வெறும் ‘மியூசிக் நைட்’. மேனேஜருக்கு மெயில் அனுப்பினேன், ‘நல்லாருக்கு’ன்னு பதில் போட்டாருங்க.

வாளையார் டீச்சர்:
அந்த ‘பட்’தான் தம்பி. கருப்பர் இசைதான், *ஆனா* எல்லாரும் வரலாம்னு சொல்லியிருக்க. நீ கதவைத் திறந்து விடறதா நினைச்சு எழுதின. படிச்சவங்களுக்கு, எங்க பாட்டு இருந்தா மத்தவங்க வரத் தயங்குவாங்கன்னு கேட்டிருக்கும். சனிக்கிழமை பாட்டுக்கு நிறம் இல்ல, இவங்க பாட்டுக்கு மட்டும் இருக்கு. அதையும் பார்த்திருப்பாங்க.

நம்ம ஊருல இருந்தே சொல்றேன். திருச்சூர் பூரத்துல இலஞ்சித்தறை மேளம் பாண்டி மேளந்தான். செண்டையும் இலைத்தாளமும் கொம்பும் குழலும் ஒண்ணா ஏறி வரும்போது அங்க நிக்கற நமக்கும் கை தானா மேல போகும். அந்தப் பேர்ல யாருக்கும் குறையில்ல. அதே ‘பாண்டி’யை, தமிழன்னு கேலியா, பஸ்ல கண்டக்டர் நம்மளைப் பார்த்துச் சொன்னா முகம் சுருங்கிப் போகுதில்ல? சொல்லு ஒண்ணுதான். யார் வாயில இருந்து, எந்த எடத்துல வருதுங்கறதுலதான் இருக்கு. களியக்காவிளைக்காரரும் குமுளிக்காரரும் ஆளுக்குப் பாதி சரியாச் சொல்லியிருக்காங்க.

இப்ப வேலையைப் பார்ப்போம். அந்த மெயிலை இன்னிக்கே தேடி எடுத்து வை. பழியை மேனேஜர் மேல தள்ளறதுக்கு இல்ல, நீயா ஒளிச்சுப் பண்ணலைங்கறதுக்கு. திங்கட்கிழமை சும்மா பேசறதா, முறையான ஒழுங்கு நடவடிக்கையான்னு எழுத்துல கேளு. முறையானதுன்னா கூட ஒரு சக ஊழியரையோ யூனியன் ஆளையோ கூட்டிட்டுப் போக உனக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வேலை எடத்துப் பிரச்சினைக்கு ஆலோசனை சொல்ற ஏகாஸ்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க ஹெல்ப்லைன் இலவசம், போன் பண்ணு. விசா ஒரே நாள்ல போயிடாது. கம்பெனி ஸ்பான்சர் பண்ற வேலை விசான்னா, வேலை போனாக்கூட வேற வேலை தேட வழக்கமா 60 நாள் அவகாசம் தருவாங்க. நோட்டீஸ் மேல விளம்பரத் தர ஆணையத்துக்குப் புகார் போனாலும் அவங்க அபராதம் போடறவங்க இல்ல. மாத்து, இல்லைன்னா எடுத்துடுன்னுதான் சொல்லுவாங்க.

அந்த அம்மாகிட்ட திங்கட்கிழமைக்கு முன்னாடியே போய்ப் பேசு. ‘எனக்குத் தெரியாது, எங்க ஊர்ல இப்படி’ன்னு ஆரம்பிக்காத. ‘நான் எழுதினது உங்களைக் காயப்படுத்திடுச்சு, மாத்தறேன்’னு சொல்லிட்டு நில்லு. அவங்க பேசினா கேட்டுக்க, பேசலைன்னா தொந்தரவு பண்ணாத.

புது நோட்டீஸ்ல பாட்டோட சொந்தப் பேரைப் போடு. அன்னிக்கு என்ன போடப் போறாங்க?

கொழிஞ்சாம்பாறைத் தம்பி:
ஆர் அண்ட் பி, சோல், ஆஃப்ரோபீட், டான்ஸ்ஹால்னு டிஜே சொன்னாருங்க.

குமுளி செக்போஸ்ட்:
அதையே போடுங்க தம்பி. ‘அர்பன்’னு, அதாவது ‘நகர்ப்புற’ இசைன்னு, மட்டும் மாத்திடாதீங்க. அதுவும் இதே சங்கடந்தான்னு 2020-ல கிராமி விருதுக்காரங்க ஒரு பிரிவோட பேர்ல இருந்து அந்தச் சொல்லை எடுத்தாங்க. தப்பே இல்லைன்னு நான் சொன்னது அவசரப்பட்டது. நோட்டீஸ முழுசா கேக்காமச் சொல்லிட்டேன்.

செங்கோட்டை அக்கா:
சாப்பிட்டியா தம்பி?

கொழிஞ்சாம்பாறைத் தம்பி:
சாப்பிட்டேன்க்கா. மெயில் கெடைச்சிருச்சு. சாயங்காலம் அந்த அம்மாகிட்ட, டீச்சர் சொன்ன மாதிரியே சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க, ஒண்ணும் சொல்லலை. நானும் நகர்ந்துட்டேன். அப்புறம் அவங்களே வந்து புதுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாத்தாங்க. ‘பட்’ இருந்த வரி இல்லாததைப் பாத்தாங்க. பேனா வாங்கி, ஆஃப்ரோபீட்டுக்குக் கடைசில ஒரு ‘எஸ்’ சேத்தாங்க. எஸ் இல்லாதது 1970-கள்ல நைஜீரியால ஃபெலா குட்டி வாசிச்சதாம், எஸ் போட்டது இப்ப இருக்கற பசங்க பாட்டாம். அது மட்டுந்தான் சொன்னாங்க. திங்கட்கிழமை போயிட்டு வந்து எழுதறேனுங்க.