பேய்ப் படத்தின் இரண்டாம் பாகம் பகிடிப் படமானால், பார்ப்பவரை ஏமாற்றியதாகுமா?

கேள்வி: கோட்டைவாசல்

வணக்கம். திருகோணமலையில், கோட்டைக்குக் கிட்டவுள்ள எங்கள் வீட்டு முற்றத்தில், நண்பர்களும் அயலவர்களுமாகப் பதினைந்து பேர் வரையில் கூடி, மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் படம் பார்ப்பது வழக்கம். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. இரவல் வாங்கிய ஒரு புரொஜெக்டர், இரண்டு தென்னைகளுக்கிடையில் இழுத்துக் கட்டிய வெள்ளை விரிப்பு, ஆளுக்கொரு சரை கச்சான் கடலை, அவ்வளவுதான். சென்ற மாதம் சாம் ரெய்மி இயக்கிய ‘ஈவில் டெட்’ படத்தின் முதல் இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் போட்டோம்.

1981ஆம் ஆண்டின் முதற் பாகம் ஓடியபோது முற்றத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. காட்டு வீடொன்றில் தங்கப்போன ஐந்து இளைஞர்கள், அங்கே கிடந்த ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டு, உறங்கிக்கிடந்த பிசாசுகளை எழுப்பிவிடுகிறார்கள் என்பதுதான் கதை. அன்றிரவு கச்சான் என்ற மேல்காற்று அடித்துக்கொண்டிருந்ததால் விரிப்பு உப்பி உப்பி அடங்க, அதில் தெரிந்த பேய் முகங்களும் கன்னம் ஊதிச் சுருங்கின. அயல்வீட்டு அம்மா ஒருவர், நாற்பது அடி தூரமுள்ள தன் படலை வரைக்கும் துணைக்கு ஆள் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை 1987ஆம் ஆண்டின் இரண்டாம் பாகம். அதே காடு, அதே வீடு, அதே கதாநாயகன் ஆஷ். ஆனால் ஆஷின் வலது கையில் பிசாசு ஏறியதும், அந்தக் கை குசினியில் இருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவனுடைய தலையிலேயே உடைக்கிறது. தலைமயிரைப் பிடித்து இழுக்கிறது. அவனைத் தூக்கிக் குப்புறப் போடுகிறது. என் மருமகனுக்குப் பதினேழு வயது. சிரித்துச் சிரித்துக் கச்சான் புரைக்கேறிப்போனான். முன்வரிசைக் கதிரையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் திரும்பி, “வெருட்டுற படம் எண்டு கூப்பிட்டுப்போட்டுப் பகிடி விடுறியளோ?” என்று கேட்டார். படம் முடிந்த பிறகும் ஒரு மணித்தியாலம் இந்த வாக்குவாதம்தான்.

எனக்கு விளங்காத இடம் வேறு. கணக்குப் பார்த்தால், இரண்டாம் பாகத்தில் அந்த மனிதனுக்கு நடப்பது முதற் பாகத்தில் நடந்ததைவிடக் கொடுமையானது. தன் கையைத் தானே மரம் அரியும் இயந்திர வாளால் துண்டிக்கிறான். அப்படியிருந்தும் நாங்கள் ஏன் சிரித்தோம்? இயக்குநருக்குப் பயத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டதா, அல்லது பேய்ப் படம் இரண்டாம் முறை சொல்லப்படும்போது இயல்பாகவே போய்ச் சேரும் இடம் இதுதானா? எங்களுடைய ‘முனி’, ‘காஞ்சனா’ வரிசையும் இதே வழியில்தான் போனதா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பதில்: நள்ளிரவுக் காட்சி

நம்பிக்கை போனதல்ல, நண்பரே. அவர் பழைய வீட்டுக்குத் திரும்பி வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ரெய்மியும், ஆஷாக நடித்த புரூஸ் காம்பெல்லும் மிச்சிகன் மாநிலத்தில் பள்ளிக்கூடக் காலத்திலேயே சூப்பர் 8 கமராவில் சின்னச் சின்னப் படங்கள் எடுத்தவர்கள். அவற்றில் பெரும்பாலானவை விழுந்தெழும்பும் பகிடிப் படங்கள். ‘த்ரீ ஸ்டூஜஸ்’ என்ற மூவர் கூட்டம் ஒருவருக்கொருவர் கண்ணில் குத்தியும் தலையில் தட்டியும் சிரிக்கவைத்த பழைய குறும்படங்களில் ரெய்மிக்கு அப்படியொரு பித்து. கைக்காசு குறைந்த இளைஞர்களால் எடுத்து விற்கக்கூடிய சரக்குப் பேய்ப் படம்தான் என்பதாலேயே அவர்கள் முதற் பாகத்தை எடுத்தார்கள். அதன் பிறகு 1985இல் ரெய்மி ‘கிரைம்வேவ்’ என்ற முழு நகைச்சுவைப் படத்தை எடுத்து, அது படுத்துவிட, மீண்டும் அந்தக் காட்டு வீட்டுக்கே வந்தார். பேயை முன்வாசலால் கொண்டுவந்து, கோமாளியைப் பின்வாசலால் உள்ளே விட்டது போலத்தான் இரண்டாம் பாகம் அமைந்தது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். இரண்டாம் பாகத்தின் முதற் சில நிமிடங்கள் முதற் பாகத்தின் கதையையே திரும்பச் சொல்கின்றன. ஆனால் ஐந்து பேருக்குப் பதிலாக ஆஷும் அவனுடைய காதலியும் மட்டுந்தான் போகிறார்கள். பழைய படத்தின் காட்சிகளைப் பயன்படுத்த உரிமை கிடைக்காததால், முன்கதையைச் சுருக்கிப் புதிதாகப் படமாக்க வேண்டி வந்தது. இந்தக் கட்டாயம் படத்துக்கு நல்லதையே செய்தது என்பது என் எண்ணம். கூட வந்த நால்வரையும் பறிகொடுத்த துக்கம் அந்த வீட்டில் இல்லாமற் போயிற்று. தனியே அகப்பட்ட ஒருவனை வீடே பிடித்து விளையாடுவதற்கு இடம் கிடைத்தது.

நீங்கள் ஏன் சிரித்தீர்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த வகைப் பகிடிக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்று பெயர் வந்ததே ஒரு கோலிலிருந்துதான். பழைய இத்தாலிய நாடகக் கோமாளிகள், இரண்டு பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு கோலை வைத்திருந்தார்கள். அதால் அடித்தால் பலகைகள் ஒன்றோடொன்று மோதிப் பெருஞ்சத்தம் எழும்பும். அடி வாங்கியவருக்கோ நோவே இராது. சத்தம் பெரிது, வலி சிறிது என்பதே அதன் சூத்திரம். பேய்ப் படக்காரரின் கையிலும் இதே கோல்தான் இருக்கிறது. நீண்ட மௌனம், ஒரு கதவு, பிறகு காதைப் பிளக்கும் ஒரு சத்தம். வித்தியாசம், சத்தத்துக்குப் பிறகு வலி வருமா வராதா என்பதில் இருக்கிறது. முதற் பாகத்தில் பென்சிலால் கணுக்காலில் குத்தும்போது கமரா அந்தக் காயத்தை விட்டு அகலாமல் நின்று, உங்கள் காலையே கூச வைக்கிறது. இரண்டாம் பாகத்தில் கோப்பை உடைகிறது, ஆஷின் முழி பிதுங்குகிறது, அடுத்த கோப்பை வருகிறது. வலியை நினைக்க உங்களுக்கு நேரமே தரப்படவில்லை.

இரத்தத்தின் நிறத்தைப் பார்த்தீர்களா? சிவப்போடு பச்சையும் கறுப்பும் கலந்து பீய்ச்சியடிக்கும். அமெரிக்கத் தணிக்கையில் கடும் தரச்சான்று விழாமல் தப்பலாம் என்ற நினைப்பில் செய்த வேலை அது. கடைசியில் படம் தரச்சான்று இல்லாமலேயே வெளிவந்தது வேறு கதை. ஆனால் பச்சை இரத்தத்தைப் பார்க்கும் மனது, “இது பெயின்ட்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது.

துண்டித்த கையை வாளியால் மூடி, அது எழும்பாமலிருக்கப் புத்தகங்களை அடுக்கும் இடத்தை நிறுத்திப் பாருங்கள். மேலே இருப்பது ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’. ஆங்கிலத்தில் ஆயுதங்களுக்கும் கைகளுக்கும் ஒரே சொல் என்பதால், நாவலின் பெயரே “கைக்கு விடை” என்றாகிவிடுகிறது. பயந்து நடுங்குகிறவர்களுக்கு நடுவில் இப்படியொரு சிலேடையை வைக்கிறவர், உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. தான் விளையாடுவதை அறிவித்துவிட்டே விளையாடுகிறார்.

பதில்: ஓர்ஸ்ஹில் வாசி

நான் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரின் பக்கம். ரெய்மியின் கெட்டித்தனத்தை மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கெட்டித்தனம் இல்லாதவர்களும் அதே பாதையால் வந்ததன் பலனை நாங்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். 2007இல் ‘முனி’, 2011இல் ‘காஞ்சனா’, 2015இல் அதன் அடுத்த பாகம், 2019இல் இன்னொன்று. இடையில் 2014இலிருந்து ‘அரண்மனை’ வரிசை. எந்தப் பாகம் எந்தப் பாகத்தின் தொடர்ச்சி என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாது. ஒரு கும்மிருட்டு, ஒரு சத்தம், ஒரு கூச்சல், கன்னத்தில் ஓர் அறை, மறுபடியும் கும்மிருட்டு. இந்தத் தாளம் இரண்டரை மணித்தியாலம் மாறாமல் அடிக்கும்போது எனக்குப் பயமும் வருவதில்லை, சிரிப்பும் வருவதில்லை, தலையிடிதான் வருகிறது. பயமுறுத்தத் தெரிந்தவர் பயமுறுத்தட்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

பதில்: கூத்துக்களரி

தம்பி கோட்டைவாசலுக்கு: தமிழ்ப் பேய்ப் படங்களையும் அந்த அமெரிக்கப் படத்தையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டிலும் சிரிப்பு இருக்கிறதென்பது உண்மை. ஆனால் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள்.

‘காஞ்சனா’வில் நாங்கள் சிரிப்பது ராகவா லாரன்ஸ் ஏற்ற அந்தப் பயந்தாங்கொள்ளியைப் பார்த்து. வளர்ந்த ஆண்பிள்ளை, பொழுதுபட்டால் தாயின் இடுப்பில் ஏறிக்கொள்கிறான். கோவை சரளா அவனைச் சுமந்துகொண்டு ஏசுகிறார். அதுவரைக்கும் பகிடி. ஆனால் சரத்குமார் ஏற்ற காஞ்சனாவின் முன்கதை தொடங்கியதும் படத்தின் குரலே மாறுகிறது. திருநங்கை என்பதால் வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, தான் வளர்த்த பிள்ளையை வைத்தியராக்கி, வைத்தியசாலை கட்ட வாங்கிய காணியை அரசியல்வாதி ஒருவன் அபகரிக்க, நியாயம் கேட்கப் போய்க் கொலையுண்ட ஒருவரின் ஆவி அது. அந்த ஆவி ஒருபோதும் வழுக்கி விழாது. அதன் தலையில் கோப்பை உடையாது. எங்களுடைய கதைகளில் பேய் என்பது பெரும்பாலும் வழக்குத் தீராமல் நிற்கும் ஆள். வழக்கு உள்ளவரைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு மனம் வராது. அதனால்தான் இடைவேளைக்கு முன் சிரிப்பு, பின் கண்ணீர் என்று படம் இரண்டாகக் கிழிந்து நிற்கிறது. ஓர்ஸ்ஹில் வாசிக்குத் தலையிடி வருவது அந்தக் கிழிசலால்தான் என்று நினைக்கிறேன்.

ஆஷை ஆட்டிப்படைக்கும் பிசாசுக்கோ எந்த வழக்கும் இல்லை. ஒருவரும் அதற்குத் தீங்கு செய்யவில்லை. ஏதோவொரு பழைய நூலின் மந்திரத்தை வாசித்தார்கள், அது வந்துவிட்டது. வெறும் கெட்ட குணம். அப்படிப்பட்டதைக் கேலி செய்தால் யாருடைய துயரமும் கேலிக்குள்ளாவதில்லை.

கேலி செய்து பேயை அடக்குவது எங்கள் தீவுக்குப் புதிதுமல்ல. தென்னிலங்கையில் சிங்கள மக்கள் நோய் தீர்க்க இரவு முழுவதும் நடத்தும் தொவில் சடங்கிலே, நோய்க்கொரு முகமூடியாகப் பதினெட்டுச் சன்னிப் பேய்களைச் சொல்வார்கள். முன்னிரவில் எல்லாம் பந்தமும் புகையும் உறுமலும்தான். பிறகு முகமூடிப் பேய் வந்து பறையடிப்பவரோடு வாய்த்தர்க்கம் செய்யும். பறையடிப்பவர் அதை முட்டாளாக்குவார். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபெரர் 1983இல் இந்தச் சடங்குகளைப் பற்றி எழுதிய நூலில், தனக்குள் சுருண்டுகிடந்த நோயாளியை மற்ற மனிதரோடு மீண்டும் சேர்த்துவிடுவதே இந்தப் பகிடியின் வேலை என்று விளக்குகிறார். பயந்தவர் தனியே பயப்படுகிறார். சிரிப்பு வந்ததும் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கிறார்.

கிழக்கில் எங்களிடமும் மகிடிக் கூத்து இருக்கிறது. சின்ன வயதில், மூதூர்ப் பக்கத்தில் ஒரு வெறுவளவில் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மந்திரவாதிகளுக்கிடையில் போட்டி. காவல் கட்டி வைத்த கும்பத்தை எடுக்கப் போன ஒருவர், இரண்டு எட்டு வைத்ததும் மந்திரத்தால் கட்டுண்டு, தூக்கிய காலைக் கீழே வைக்க முடியாமல் ஒற்றைக் காலில் தத்தித் தத்திப் போய், கடைசியில் புழுதியில் தொப்பென்று விழுந்தார். பெரியவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதே பெரியவர்கள் அந்தக் கும்பத்துக்குக் கிட்டப் போக எங்களை விடவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் மெய்யாக இருந்தன.

ஆகவே, தம்பி, கை வெட்டுப்படும்போது ஏன் சிரித்தோம் என்று குற்றவுணர்வு கொள்ளத் தேவையில்லை. உங்கள் முற்றத்தில் அன்று துணைக்கு ஆள் கேட்காமல் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுமொழி: கோட்டைவாசல்

எல்லோருக்கும் நன்றி. கூத்துக்களரி அக்கா கேட்ட கணக்குக்கு நேர்மையாகப் பதில் சொல்வதானால், அயல்வீட்டு அம்மா அன்று தனியாகவே போனார். ஆனால் கணக்கில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதை முதலில் எழுதாமல் விட்டது என் பிழை.

ஆஷ் தனியே இருக்கும் அறையில், சுவரில் மாட்டியிருக்கும் பாடம்செய்த மான்தலை கழுத்தைத் திருப்பி அவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் காட்சி நினைவிருக்கும். மேசை விளக்கு குனிந்து நிமிர்ந்து சிரிக்கிறது, புத்தகங்கள் சிரிக்கின்றன, கடைசியில் ஆஷும் சேர்ந்து சிரிக்கிறான், அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் எங்கள் முற்றம் சட்டென்று அமைதியாகிவிட்டது. மற்ற ஊர்களில் எப்படியோ, இங்கே கோட்டைக்குள்ளும் கடற்கரையிலும் கடைவாசல்களிலும் புள்ளிமான்கள் ஆட்களோடு ஆட்களாகத் திரிகின்றன. வாழைப்பழத் தோலுக்காகக் கையை நக்கும் ஒரு பிராணி திரும்பிப் பார்த்துச் சிரிப்பதென்பது, எங்களுக்குக் காட்டு வீட்டுச் சமாச்சாரமாகத் தெரியவில்லை.

அன்று வாக்குவாதம் முடிந்து, அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரை, எங்கள் மாஸ்டரை, வீட்டில் கொண்டுபோய் விட நானும் மருமகனும் டோர்ச்சோடு ஒழுங்கையில் இறங்கினோம். பகிடிப் படம் எண்டு அவர் இன்னும் குறைப்பட்டுக்கொண்டே வந்தார். முடக்கில் குப்பைப் பையொன்றைக் கிளறிக்கொண்டிருந்த ஆண் புள்ளிமான் ஒன்று, வெளிச்சம் பட்டதும் தலையை மட்டும் திருப்பியது. பச்சையாக இரண்டு கண்கள், வாயில் பாதி தொங்கும், சோறு சுற்றும் லன்ச் சீற். மாஸ்டர் என் கையைப் பிடித்தார். மான் மென்றது. தாடை பக்கவாட்டில் அசைந்த விதம் அச்சு அசலாகச் சிரிப்பது போலவே இருந்தது. ஒரு நிமிடமாவது நாங்கள் மூவரும் அசையாமல் நின்றிருப்போம். பிறகு முதலில் சிரித்தவர் மாஸ்டர்தான். ஆனால் கையை விடவில்லை.

மறுநாள் காலையில் வேலிக்கு மேலால் எட்டி, 1992இல் வந்த மூன்றாம் பாகத்தையும் போடுவோமா என்று கேட்டார். அதில் கதை பழைய அரசர் காலத்துக்குப் போகிறது, எலும்புக்கூட்டுப் படையெல்லாம் வருகிறது, பகிடி இன்னும் கூடுதல் என்று முன்கூட்டியே சொன்னேன்.

“எலும்புக்கூடு எண்டால் வாறன்,” என்றார். “மான் வருகுதெண்டால் முதலே சொல்லிப்போடும்.”