தோள்பட்டைத் திட்டும் பத்துப் புள்ளியும்

பழைய ஈயம் எழுதியது:

நேற்று இக்குழுமத்தில் ஒருவர், "ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் தரும் கான்ட்ராஸ்ட் வண்ணம் பூசிய படையும் முறையாக வண்ணம் தீட்டிய படைதான், வார்ஹாமர் 40,000 எனும் சிற்றுருவப் போர் ஆட்டத்தில் அதற்குரிய 10 புள்ளிகளை மறுக்க எவருக்கும் உரிமையில்லை" என்று எழுதி, சான்றாகத் தம்முடைய நீலநிற ஸ்பேஸ் மரீன்கள் எனும் கவச வீரர்களின் படத்தையும் இணைத்திருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் நிற்கும் மரீனின் இடது தோள்பட்டைத் தகட்டில், நடுப்பகுதி முழுவதும் அடிப்பூச்சான ப்ரைமரின் வெளிறிய நிறம் தெரிகிறது. கீழ்விளிம்பை ஒட்டிக் கருநீலம் குளம் கட்டி வளையமாகக் காய்ந்திருக்கிறது. அந்தத் தோள்பட்டையைத் தீட்டியது அவர் அல்லர், புவியீர்ப்பு விசை. ஆகவே அந்த 10 புள்ளிகளைப் புவியீர்ப்பு விசையின் பெயரில் வரவு வைப்பதே நியாயம்.

ஈரத்தட்டு எழுதியது:

அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். 2020-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் 100 புள்ளிகளில் முதன்மை இலக்குக்கு 45, துணை இலக்குகளுக்கு 45, படை முழுவதும் 'பேட்டில் ரெடி' தரத்தில் இருந்தால் 10 என்று வகுத்தார்கள். 2023-இன் பத்தாம் பதிப்பில் மற்றவற்றை மாற்றிய பிறகும் இந்தப் பத்தை மட்டும் தொடவில்லை. உருவத்தின் முக்கியப் பகுதிகளில் நிறம் இருக்க வேண்டும், உருவம் நிற்கும் அடித்தட்டான பேஸ் எளிமையாகவேனும் முடிக்கப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் அந்தத் தரம். தோள்பட்டையைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை அந்த விதி யாருக்கும், குறிப்பாகத் தங்களுக்கு, வழங்கவில்லை ஐயா.

பழைய ஈயம் எழுதியது:

விதியை ஒப்பித்தமைக்கு நன்றி, அம்மணி. நான் கேட்டது தோள்பட்டையைப் பற்றி. முக்கியப் பகுதிகளில் நிறம் இருக்க வேண்டும் என்கிறீர்கள். ஸ்பேஸ் மரீன் ஒருவனுக்குத் தோள்பட்டையைவிட முக்கியமான பகுதி எது? அவன் எந்த அணியைச் சேர்ந்தவன் என்பதையே அங்குள்ள சின்னத்தைப் பார்த்துத்தான் அறிகிறோம். அந்த இடத்தில் ப்ரைமர் பல்லைக் காட்டுகிறது.

1987-இல் கோல்டன் டீமன் எனும் வண்ணம் தீட்டும் போட்டி தொடங்கிய காலம் முதல் இந்தக் கலையை வளர்த்தவர்கள், வண்ணத்தை நீரில் இளக்கி, ஒரு பூச்சுக் காய்ந்த பின்பே அடுத்ததைப் பூசி, நிழலிலிருந்து வெளிச்சத்துக்குப் படிப்படியாக ஏறிச் சென்றவர்கள். ஆட்டத்தை வெளியிடும் நிறுவனத்துக்கே தீட்டும் ஈவி மெட்டல் குழுவினரின் மரீன் ஒன்றை எடுத்துப் பாருங்கள்: தகட்டின் விளிம்பில் மயிரிழை அகலத்துக்கு ஒரு வெளிர்நீலக் கோடு, மூலைகளில் மட்டும் அதனினும் வெளிறிய ஒரு பொட்டு. அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை ஒரு மனிதக் கண் முடிவு செய்திருக்கிறது. 2019-இல் கான்ட்ராஸ்ட் வந்தபோதோ, ஒரே ஒரு தடித்த பூச்சுப் போதும் என்று விற்றவர்களே விளம்பரம் செய்தார்கள். தடித்துப் பூசினீர்கள், தோள்பட்டையில் தேங்கிவிட்டது.

ஓர்க்கு மருமகன் எழுதியது:

இருவரும் பொருளை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். கான்ட்ராஸ்ட் என்பது ஒளி ஊடுருவும் மெல்லிய ஊடகத்தில் அடர்ந்த நிறமியைக் கலந்தது; மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தங்குவதே அதன் தொழில். ஓர்க்கு எனும் பச்சை அரக்கனின் தசை, தோல்வார், விலங்கின் மயிர், எலும்பு போன்ற மேடுபள்ளம் நிறைந்த பரப்புகளில் அது செய்யும் வேலையைச் சாதாரண வண்ணத்தால் செய்ய மூன்று பூச்சுகளாவது வேண்டும். ரெய்த்போன் ப்ரைமர் அடித்த மண்டையோட்டின் மீது ஸ்கெலிட்டன் ஹோர்ட் எனும் கான்ட்ராஸ்டை ஒரு முறை ஓடவிட்டால், பல்லிடுக்கு வரை அதுவே இறங்கிக் கோடு வரைந்துவிடும். மரீனின் தோள்பட்டையோ வழவழப்பான கவிகை. இறங்குவதற்குப் பள்ளம் கிடையாது. போதாக்குறைக்கு அடியில் உயர்த்திய விளிம்பொன்று அணைபோல் மறிக்கிறது. திரவம் பின் எங்கேதான் போகும்?

பூசியவுடன், ஈரம் காய்வதற்கு முன், ஒற்றி எடுத்த சுத்தமான தூரிகையின் நுனியை அந்த விளிம்பருகே வைத்தால் மிகுதியானதை அது உறிஞ்சிக்கொள்ளும். அல்லது கான்ட்ராஸ்ட் மீடியம் கலந்து இளக்கிப் பூசலாம். ஆகவே இந்தத் திட்டுக்குக் காரணம் வண்ணமும் அன்று, மோசடியும் அன்று, அவசரம்.

ஈரத்தட்டு எழுதியது:

ஆதரவாக வந்தவர் என்று நினைத்தேன். அவசரம் என்று பட்டம் கட்டிவிட்டுப் போகிறீர்கள். நான் அவசரப்படவில்லை. அந்தத் திட்டு வேண்டுமென்றே விடப்பட்டது. போர்க்களத்திலிருந்து வரும் கவசம் கடைக் கண்ணாடிக்குள் இருப்பதுபோல் மின்னாது. இந்த ஆட்டத்தை வெளியிடும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் கலை இயக்குநராக நெடுங்காலம் இருந்த ஜான் பிளான்ச் தம் உருவங்களைப் பழுப்பும் சிவப்பும் கலந்த அழுக்கு நிறத்தில், கறையும் கசிவுமாகத்தான் தீட்டினார். அவருடைய உருவங்களில் மயிரிழைக் கோட்டைத் தேடுபவர் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அவருக்கும் புவியீர்ப்பு விசைதான் தீட்டிக் கொடுத்ததா ஐயா?

பழைய ஈயம் எழுதியது:

நேற்று விதி, இன்று கலைநோக்கு. நாளை அந்தத் தோள்பட்டை நவீன ஓவியக் கூடத்தில் இடம்பெறும் என எதிர்பார்க்கிறேன். பிளான்ச்சின் கறை, எங்கே விழ வேண்டும் என்று அறிந்து விழுந்த கறை. உங்கள் படத்தில் பத்து மரீன்கள் நிற்கிறார்கள். பத்துப் பேரின் இடது தோள்பட்டையிலும் அதே இடத்தில் அதே வளையம். பத்துப் பேரும் ஒரே குழியில் ஒரே பக்கமாக விழுந்து எழுந்தார்களா?

இந்தச் சோம்பேறித்தனம் புதிதன்று என்பதையும் பதிவு செய்கிறேன். 2000-களின் பிற்பகுதியில் ஆர்மி பெயின்டரின் குவிக்‌ஷேட் டின் வந்தபோது, நிறம் கலந்த வார்னிஷில் உருவத்தை அப்படியே முக்கி எடுத்து உதறினார்கள். அதையும் "முறையான நுட்பம்" என்று இதே குழுமத்தில் வாதிட்டவர் ஓர்க்கு மருமகன். அன்று நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

கடைசி மேசை எழுதியது:

அண்ணன் இவ்வளவு கொதிப்பதன் காரணம் புதியவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். சென்ற ஆண்டுப் போட்டி ஒன்றில், முழுக்கக் கான்ட்ராஸ்ட் பூசிய டைரனிட் படையிடம் பத்துக்கும் குறைந்த புள்ளி வித்தியாசத்தில் அவர் தோற்றார். படையிலுள்ள ஒவ்வோர் உருவமும் தீட்டப்பட்டிருந்தால்தான் அந்தப் பத்து கிடைக்கும். அண்ணனுடைய டெர்மினேட்டர்கள் எனும் கனத்த கவச மரீன்கள் ஐவரும் கறுப்பு ப்ரைமரோடு நின்றார்கள். பக்கத்து மேசையில் இருந்தவன் நான். எல்லா மேசைகளும் ஒழிந்த பிறகும் நடுவரோடு நடந்த வாக்குவாதம் ஓயவில்லை.

பழைய ஈயம் எழுதியது:

அந்த ஐவரும் தீட்டப்படாதவர்கள் அல்லர், தீட்டப்பட்டுக்கொண்டிருந்தவர்கள். வாளின் பரப்பில் உலோக வண்ணமே இல்லாமல், சாம்பலிலிருந்து வெள்ளை வரை ஏற்றி இறக்கி உலோகத்தின் பளபளப்பை வரவழைக்கும் முறையை அவர்களுக்காக மேற்கொண்டிருந்தேன். அதற்கு ஆகும் காலத்தைப் புட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு விளக்க முடியாது. தகுதியுள்ள வேலை பாதியில் நிற்கிறது என்பதற்காகப் பூஜ்யமும், தகுதியற்ற வேலை முடிந்துவிட்டது என்பதற்காகப் பத்தும் தருகிற விதியைத்தான் நான் எதிர்க்கிறேன். என் தோல்வியை அன்று. தோல்வியைப் பற்றிப் பேசக் கடைசி மேசை என்று பெயர் வைத்துக்கொண்டவரைவிடத் தகுதியானவர் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருவோம். தோள்பட்டை. நல்ல தூரிகை பிடித்துப் பழகியிருந்தால் அந்தத் திட்டு வந்திருக்காது. நான் வின்சர் அண்ட் நியூட்டன் சீரீஸ் 7 தவிர வேறெதையும் தொடுவதில்லை; 1866-இல் விக்டோரியா அரசிக்காகச் செய்யப்பட்ட வரிசை அது. கொலின்ஸ்கி எனும் விலங்கின் மயிரின் வயிறு நீரைத் தேக்கிவைத்துக்கொள்ளும், நுனியோ ஊசிபோல் நிற்கும். அத்தகைய தூரிகை கையில் இருப்பவருக்குக் கான்ட்ராஸ்ட் தேவைப்படாது.

ஓர்க்கு மருமகன் எழுதியது:

அரசி நீர்வண்ண ஓவியம் தீட்டினார். பிளாஸ்டிக் மரீனுக்கு ட்ரைப்ரஷ் (உலர்ந்த தூரிகையால் மேடுகளில் தேய்ப்பது) செய்யவில்லை. அக்ரிலிக் வண்ணம் தூரிகையின் அடிக்கட்டு வரை ஏறிக் காய்ந்துவிட்டால் கொலின்ஸ்கியும் குப்பைக்குத்தான் போகும். செயற்கை மயிர்த் தூரிகையின் நுனி சீக்கிரம் கொக்கியாக வளையும் என்பது உண்மையே. ஆனால் கான்ட்ராஸ்டுக்கு நுனி எதற்கு? வயிறு பெரிதாக இருந்தால் போதும். குவிக்‌ஷேட் பற்றிய அந்தக் கேள்விக்கு அன்றே பதில் எழுதினேன். தாங்கள் படிக்காததற்கு நான் பொறுப்பல்லேன்.

ஈரத்தட்டு எழுதியது:

தூரிகை நுனியை வாயில் வைத்துக் கூராக்குபவர் சுத்தத்தைப் பற்றியும் முறையைப் பற்றியும் பாடம் எடுப்பதைப் பொறுமையோடு படித்துக்கொண்டிருக்கிறேன். விதியில் தோள்பட்டை என்ற சொல் எங்கே இருக்கிறது? நான் கேட்டது அது ஒன்றுதான்.

பழைய ஈயம் எழுதியது:

வாயில் வைப்பது என் தூரிகை, என் வாய். விதியில் தோள்பட்டை இல்லை என்பதனால் மரீனுக்கும் தோள்பட்டை இல்லையென்று ஆகிவிடாது. வலது தோள்பட்டையின் படத்தை இதுவரை நீங்கள் ஏன் வெளியிடவில்லை?

கடைசி மேசை எழுதியது:

டெர்மினேட்டர்களின் படத்தை அண்ணன் வெளியிட்ட மறுநிமிடம் அதுவும் வெளியாகும் என்று நினைக்கிறேன்.

பழைய ஈயம் எழுதியது:

முடிந்ததும் வெளியிடுவேன். இதற்கிடையில், கான்ட்ராஸ்ட் பூசியவர்கள் வார்னிஷ் அடிக்காமல் படையை மேசைக்குக் கொண்டுவருவதால், விரல் படும் முனைகளில் வண்ணம் தேய்ந்து ப்ரைமர் வெளியே தெரியும் கொடுமையைப் பற்றி இன்றிரவு தனியாக எழுதவிருக்கிறேன். படங்கள் திரட்டி வைத்திருக்கிறேன். அவற்றில் ஓர்க்கு மருமகனின் வார்பாஸ் எனும் ஓர்க்குத் தலைவனும் ஒன்று.

ஓர்க்கு மருமகன் எழுதியது:

என் அனுமதியில்லாமல் அந்தப் படத்தை எப்படி எடுத்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.