சீரத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவிடுதல்: அனுபவம் உள்ளவர்களிடம் ஓர் உதவி

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் தங்கி முதுநிலை உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறேன். நுரையீரல் புற்றுநோயாளிகளின் சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவைக் கண்டறிவதே என் ஆய்வேடு. முக்கூடல் பக்கம், மடியில் சுளகை வைத்து நாளெல்லாம் புகையிலைத் தூளோடு பீடி சுற்றும் பெண்களிடையே வளர்ந்தவள் நான். இந்நோயை முன்கூட்டியே கண்டறிய முடியுமா என்பது எனக்கு வெறும் பாடமன்று.

ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடு நீளமே உள்ள இந்த ஆர்.என்.ஏ. துணுக்குகள், மரபணுவின் செய்தியைப் புரத உற்பத்திக்குக் கொண்டுசெல்லும் தூது ஆர்.என்.ஏ.வோடு இணைந்து புரத உற்பத்தியை அடக்குகின்றன. செல் பெருக்கத்தைத் தூண்டும் ராஸ் மரபணுவைக் கட்டுப்படுத்தும் லெட்-7 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. நுரையீரல் கட்டிகளில் குறைவதும், கட்டி வளராமல் தடுக்கும் பி.டி.இ.என். மரபணுவை அடக்கும் மிர்-21 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடுவதும் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. இவ்விரண்டையும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

சிக்கல் ஒப்பீட்டில்தான்; அதாவது, இவற்றின் அளவை ஒப்பிட, எல்லா மாதிரிகளிலும் மாறாதிருக்கும் ஒன்றை அளவுகோலாக வைக்க வேண்டும். பலரும் மிர்-16 என்ற இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஒப்பீடாக வைக்கிறார்கள். ஆனால் அது சிவப்பணுக்களில் நிறைந்திருப்பதால், இரத்தம் எடுக்கும்போதோ வெயிலில் கொண்டுவரும்போதோ அணுக்கள் சிதைந்து சீரம் இளஞ்சிவப்பாகிவிட்டால் கணக்கே மாறிவிடுகிறது. சிவப்பணுக்களில் மிகுந்த மிர்-451க்கும், அணுச் சிதைவால் அவ்வளவாக மாறாத மிர்-23ஏவுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து அத்தகைய மாதிரிகளை ஒதுக்கிவிடலாம். மனிதரிடம் இல்லாத, சி. எலிகன்ஸ் என்ற நுண்புழுவின் மிர்-39ஐ வெளியிலிருந்து சேர்த்தாலோ, பிரித்தெடுப்பில் நேரும் இழப்பு தெரியுமே தவிர, ஆளுக்கு ஆள் உள்ள இயல்பான வேறுபாடு தெரியாது.

எனவே, சீரத்தில் கியூ.பி.சி.ஆர். (மரபுப்பொருளைப் பன்மடங்காக்கி அளவிடும் சோதனை) செய்தவர்கள் எதை ஒப்பீடாக வைத்தீர்கள், ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்று விளக்கினால் பேருதவியாக இருக்கும். தென்காசி, அம்பாசமுத்திரம் பகுதிகளிலிருந்து மாதிரிகளைச் சிதையாமல் கொண்டுவரும் முறையையும், நெல்லையிலோ நாகர்கோவிலிலோ மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் சிறிது இடம் தரக்கூடிய ஆய்வகம் இருந்தால் அதையும் தெரிவியுங்கள்.