ஐஸ் பெட்டிக்குக் குழாய்: சுங்கை சிப்புட் குடும்பக் குழு

தம்பி, இரவு 8.14
மீன் கடைக்காரரின் பெரிய ஐஸ் பெட்டி, மேல்மூடி ஃப்ரீசர், வீட்டுக்கு வந்துவிட்டது. 250 வெள்ளி கேட்டார், 200-க்கு முடித்தேன். பங்குனி உத்திரத் தண்ணீர்ப் பந்தலில் இந்த வருடம் மோரோடு சோடாவும் உண்டு. சோடாப் பீப்பாயை பெட்டிக்குள் வைத்துவிட்டால், குழாயைத் திறந்ததும் ஜில்லென்று வரும்.

ஈப்போ அத்தை, 8.16
மீன் பெட்டியா? முருகா!

தம்பி, 8.17
ஆப்ப சோடா கரைத்துத் துடைத்து வெயிலில் திறந்து போட்டிருக்கிறேன் அத்தை. சோடா பீப்பாய்க்குள் இறுக்கமாக அடைபட்டிருக்கும், பெட்டிக் காற்று அதைத் தொடாது.

அம்மா, 8.21
பெட்டியைச் சொல்கிறான், பீப்பாய் எத்தனை என்று மூச்சு விடவில்லை. எவர்சில்வரில் நாலு வரிசையாக நிற்கிறது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து, "தம்பி பீர் காய்ச்சுதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

கிள்ளான் அக்கா, 8.22
காய்ச்சினால் கஸ்டம்ஸ்காரன் வருவான். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1976 கலால் சட்டப்படி குற்றம்.

தம்பி, 8.25
ஈஸ்ட்டே வாங்கவில்லை அக்கா. ஆஸ்திரேலியாவில் வீட்டில் பீர் செய்கிறவர்கள் பழைய ஃப்ரீசரை இப்படித்தான் மாற்றிக்கொள்கிறார்கள். நான் அந்தத் தச்சு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டேன். பீப்பாய்கூட குளிர்பானக் கம்பெனிகள் முன்பு சிரப் அனுப்பிய வகைதான், ஒன்று 19 லிட்டர்.

பெரியப்பா, 8.26
தோட்டத்தில் கள்ளுக்கடை இருந்த காலத்தில் இந்தப் பயமெல்லாம் இல்லை.

அம்மா, 8.26
நீங்கள் சும்மா இருங்கள் மாமா.

தைப்பிங் சித்தப்பா, 8.30
முன்பக்கம் துளை போட்டுக் குழாயை மாட்டு. பத்து நிமிட வேலை.

வயர்மேன் மாமா, 8.31
பெட்டியில் துளை போடவே கூடாது லா! இந்த வகைப் பெட்டிக்குப் பின்னால் கம்பி தெரிகிறதா? தெரியாது. சூட்டை வெளியேற்றும் குழாய் தகட்டுக்கு உள்ளேயே சுவரெல்லாம் வளைந்து ஓடுகிறது. ட்ரில் அதில் பட்டால் கேஸ் போய்விடும், பெட்டி நேரே பெசி புரோக் கடைக்கு, பழைய இரும்புக்குத்தான். புதுப் பெட்டிகளில் ஆர்600ஏ கேஸ், அது தீப்பற்றும் வேறு. பின்னால் இருக்கும் ஸ்டிக்கரைப் பார்.

தம்பி, 8.34
ஆர்134ஏ என்று இருக்கிறது மாமா.

வயர்மேன் மாமா, 8.34
அது பற்றாது. ஆனாலும் ட்ரில்லைப் பெட்டிப் பக்கம் கொண்டு போகாதே.

சித்தி, 8.35
எல்லாரும் பசியாறியாச்சா?

தம்பி, 8.38
துளை பலகையில்தான் மாமா. மெராந்திப் பலகையில் ஆறு அங்குல உயரத்துக்கு ஒரு சட்டம், பெட்டிக்கும் மூடிக்கும் நடுவில் உட்காரும். குழாயெல்லாம் அதில். உள்பக்கம் நுரைப்பலகை, இடுக்கில் சிலிக்கோன்.

வயர்மேன் மாமா, 8.42
அது சரி. ஆனால் சட்டத்தைப் பெட்டியோடு ஒட்டினால் விளிம்பு ஆறு அங்குலம் உயர்ந்துவிடும். நிறைந்த பீப்பாய் 22, 23 கிலோ வரும், அதை அவ்வளவு உயரம் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். மூடியோடு பிணைத்துவிடு. திறக்கும்போது சட்டமும் குழாயும் சேர்ந்தே மேலே போகும். ஹோஸைத் தளர்வாக விடு. மூடி கனக்கும், கீல் தாங்குமா என்று பார்.

அம்மா, 8.43
அவன் முதுகுக்கு மாமா சொல்கிறபடியே செய்யச் சொல்லுங்கள்.

கிள்ளான் அக்கா, 8.45
ஃப்ரீசர் மைனஸ் 18 வரை போகுமே, சோடா கல்லாகிவிடாதா?

தம்பி, 8.47
பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் டெம்பரேச்சர் கன்ட்ரோலர் வரும். 3 டிகிரிக்கு இறங்கியதும் கரண்டை வெட்டும், 5-க்கு ஏறினால் மறுபடி விடும்.

வயர்மேன் மாமா, 8.49
சென்சாரைக் காற்றில் தொங்கவிடாதே. மூடி திறக்கும்போதெல்லாம் காற்று சூடாகி கம்ப்ரசர் சும்மா சும்மா எழும். பீப்பாய் உடம்பில் ஒட்டி, மேலே ஸ்பாஞ்சு வைத்துக் கட்டு. நின்ற கம்ப்ரசர் உடனே எழக் கூடாது, டிலே 3 நிமிடமாவது வை.

ஈப்போ அத்தை, 8.52
எல்லாம் சரி, தண்ணீர் எப்படிச் சோடா ஆகும்?

தம்பி, 8.57
கார்பன் டை ஆக்சைடு தோம்பு, அதாவது கேஸ் சிலிண்டர், அத்தை. தண்ணீர் குளிர்ந்தால்தான் கேஸை நன்றாகப் பிடிக்கும். பீர்காரர்கள் கேஸ் அழுத்தத்தை 10, 12 பிஎஸ்ஐ வைப்பார்கள். சோடா சுறுசுறுவென்று இருக்க 30 வேண்டும். அந்த அழுத்தத்தில் குட்டை ஹோஸ் போட்டால் புஸ்ஸென்று நுரையாகக் கொட்டும், குவளையில் வெறும் தண்ணீர்தான் மிஞ்சும். ஒல்லி ஹோஸ் ஐந்தாறு மீட்டர் சுருட்டி வைத்தால் வேகம் அடங்கி வரும். ஒரு பீப்பாயில் இஞ்சி எலுமிச்சை. சாற்றைத் துணியில் நன்றாக வடிகட்டித் தாருங்கள். நார் போனால் பீப்பாய்க் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பெரியப்பா, 8.58
சார்சி சோடா வருமா?

தம்பி, 8.58
வராது பெரியப்பா.

வயர்மேன் மாமா, 9.03
தோம்பை ஸ்டோர் ரூமில் வைக்காதே. அந்தக் கேஸுக்கு வாசனை இல்லை, கசிந்தால் தரையோடு தங்கும், தலை சுற்றும்போதுதான் தெரியும். காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்திச் சங்கிலி போட்டுக் கட்டு. ஒவ்வோர் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவு, குமிழி வந்தால் இறுக்கு. கேஸைக் கடையில் உணவுக்கானது என்று கேட்டு வாங்கு.

தைப்பிங் சித்தப்பா, 9.05
நம் ஊர் ஈரத்துக்குப் பெட்டிக்குள்ளும் மழை பெய்யும்.

தம்பி, 9.06
ஈரம் உறிஞ்சும் டப்பா வாங்கியாச்சு சித்தப்பா. அடியில் தேங்குவதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டியதுதான்.

வயர்மேன் மாமா, 9.10
பந்தலுக்கு எக்ஸ்டென்ஷன் ரீல் நான் கொண்டு வருகிறேன். முழுக்க அவிழ்த்துத்தான் போட வேண்டும், சுற்றியபடியே விட்டால் வயர் சூடேறி உருகும். பந்தல் விளக்கை அதே ரீலில் சொருகாதீர்கள்.

ஈப்போ அத்தை, 9.12
காகிதக் குவளை என் கணக்கு. எத்தனை?

தம்பி, 9.13
200 மில்லி குவளை என்றால் ஒரு பீப்பாய்க்கு 95. நாலுக்கும் 400 போதும்.

ஈப்போ அத்தை, 9.14
மோரைக் கையிலா வாங்கிக் குடிப்பார்கள்? ஆயிரம் வாங்குகிறேன்.