திறந்த நீர்நிலையிலிருந்து நீர் எடுக்கும்போது இரண்டாவது டெலிவரியைத் திறந்தால் அழுத்தம் சரிவது ஏன்?

பயிற்சி வீரர்:

அனைவருக்கும் வணக்கம். தீயணைப்பு வண்டியின் பம்பை இயக்கப் பயிற்சி பெற்று வருகிறேன். வண்டியின் தொட்டி நீரைக் கொண்டு வேலை செய்யும்போது சிக்கல் ஏதும் வருவதில்லை. எஞ்சின் சக்தியைப் பம்புக்குக் கொடுக்கும் பி.டி.ஓ.வை இணைத்து, தொட்டி வால்வையும் நீர் வெளியேறும் வாயான டெலிவரியையும் திறந்தால், நான் வைக்கும் அழுத்தத்திலேயே பம்பு நிற்கிறது. குளத்து நீரைச் சக்‌ஷன் குழாய் வழியாக எடுக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

அண்மையில் நடந்த பயிற்சியில் நீர்மட்டம் பம்புக்குச் சுமார் 5 மீட்டர் கீழே இருந்தது. தொடக்கத்தில் குழாயின் காற்றை அகற்றும் பிரைமர் அரை நிமிடத்துக்குள் நீரை ஏற்றிவிட்டது. ஒரு டெலிவரியில் மட்டும் நீர் போய்க்கொண்டிருந்தவரை அழுத்தம் 7 பாரில் நின்றது. சக்‌ஷன் கேஜ் 450 மி.மீ. பாதரச வெற்றிடத்தைக் காட்டியது. அதே அளவுள்ள இரண்டாவது டெலிவரியையும் திறந்ததும் வெற்றிட முள் 680 வரை ஏறியது, டெலிவரி அழுத்தமோ 4 பாருக்கும் கீழே இறங்கியது. த்ராட்டிலைக் கூட்டிப் பார்த்தேன். எஞ்சின் வேகம் கூடியதே தவிர அழுத்தம் கூடவில்லை. பம்புக்குள் சரளைக்கல் உருள்வது போன்ற சத்தமும் கேட்டது. பயிற்றுநர் த்ராட்டிலைக் குறைத்து இரண்டாவது டெலிவரியை மூடச் சொன்னார். மூடியதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது.

எங்கள் பம்பு 10 பாரில் நிமிடத்துக்கு 2000 லிட்டர் தரக்கூடியது. இரண்டு டெலிவரிகளும் சேர்ந்து அந்த அளவைத் தாண்டவில்லை. அப்படியிருக்க ஏன் இப்படி நடந்தது? பம்பில் பழுது இருக்கிறதா?

ஓய்வுபெற்ற பம்பு இயக்குநர்:

தம்பி, நீங்கள் கேஜ் அளவுகளைக் குறித்து வைத்திருப்பதால் இதற்கு ஊகமில்லாமல் பதில் சொல்ல முடிகிறது. நீங்கள் தந்த எண்களைப் பார்த்தால் பம்பில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. நீர் உள்ளே வரும் பக்கம்தான் எல்லையைத் தொட்டிருக்கிறது.

பம்பு தன் பலத்தால் நீரை மேலே இழுப்பதில்லை. பிரைமர் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுகிறது. குளத்தின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் வளிமண்டலக் காற்றுதான் நீரைக் குழாய்க்குள் மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்தக் காற்றழுத்தம் 760 மி.மீ. பாதரசம், நீர்க்கணக்கில் 10.3 மீட்டர். எவ்வளவு சக்தி வாய்ந்த பம்பானாலும் அதற்கு மேல் ஒரு சென்டிமீட்டர்கூடக் கிடைக்காது. குழாய் உராய்வையும் பிற இழப்புகளையும் கழித்தால், நடைமுறையில் 7 முதல் 7.5 மீட்டர் ஆழத்திலிருந்துதான் நீரை எடுக்க முடியும். அந்த எல்லையை நெருங்க நெருங்க வரும் நீரின் அளவும் வெகுவாகக் குறைந்துவிடும்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். ஒரு மீட்டர் நீர் உயரம் ஏறக்குறைய 74 மி.மீ. பாதரசத்துக்குச் சமம். எனவே 5 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் 370 மி.மீ. செலவாகிறது. ஒரு டெலிவரி ஓடியபோது கேஜ் 450 காட்டியது என்றால், மீதி 80 மி.மீ., நீருக்குள் இருக்கும் குழாய் முனையின் வடிகட்டியான ஸ்ட்ரெய்னரிலும் சக்‌ஷன் குழாயிலும் நீர் ஓடியதற்கான இழப்பு. இந்த இழப்பு நீரோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். நீர் இரு மடங்கானால் இழப்பு நான்கு மடங்காகும். எனவே இரண்டாவது டெலிவரிக்கும் முழு நீர் கொடுக்க 370-உடன் 320 சேர்ந்து 690 மி.மீ. தேவைப்பட்டிருக்கும். உங்கள் முள் 680 வரை போய் நின்றதற்கு இதுவே காரணம்.

அந்த நிலையில், காற்றழுத்தமான 760-இல் 680 போகப் பம்பின் வாயில் மிஞ்சியிருந்த அழுத்தம் வெறும் 80 மி.மீ.தான். பம்புக்குள் சுழலும் சக்கரமான இம்பெல்லரின் நடுக்கண்ணில் நீர் வேகமெடுக்கும்போது அது இன்னும் குறையும். 30 டிகிரி வெப்பமுள்ள நீர், அழுத்தம் ஏறக்குறைய 32 மி.மீ.க்கு இறங்கினால் அந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவிக் குமிழிகளாகிவிடும். அக்குமிழிகள் இம்பெல்லரின் அழுத்தம் மிகுந்த பகுதிக்குப் போனதும் நொறுங்குகின்றன. நீங்கள் கேட்ட சத்தம் அதுதான். இதைக் கேவிடேஷன் என்போம். நீண்ட நேரம் தொடர்ந்தால் இம்பெல்லரின் உலோகம் அரிக்கப்பட்டுக் குழிகள் விழும். வரும் நீருக்கு மேல் பம்பால் எடுக்க முடியாத நிலையில் த்ராட்டிலைக் கூட்டுவது குமிழிகளைத்தான் கூட்டும். உங்கள் பயிற்றுநர் செய்தது மிகச் சரி.

பம்பின் 2000 லிட்டர் அளவு பற்றி ஒரு விளக்கம். ஐரோப்பாவின் இ.என். 1028 தரநிலையில் 10-2000 என்று குறிக்கப்படும் பம்பு, 10 பாரில் 2000 லிட்டர் தர வேண்டியது நீர்மட்டம் 3 மீட்டர் கீழே இருக்கும்போதுதான். 5 மீட்டர் ஆழத்தில் அதே பம்பிடம் அதே அளவை எதிர்பார்க்கக் கூடாது. மலைப்பகுதியில் இன்னும் குறையும். ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் உறிஞ்சு உயரத்தில் சுமார் 0.3 மீட்டரை இழப்போம்.

பம்பு பராமரிப்பாளர்:

மேலே சொன்ன கணக்குடன் உடன்படுகிறேன். ஆயினும், அழுத்தம் சரிந்தாலே கேவிடேஷன் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன். காற்றுக் கசிவாலும் அழுத்தம் சரியும். ஆனால் அப்போது வெற்றிட முள் உயர்ந்து நிற்காது. இறங்கி ஊசலாடும், நீரைப் பீய்ச்சும் முனையான நாசிலில் நீர் விட்டு விட்டுத் துப்பும். ஸ்ட்ரெய்னரில் இலையோ பாசியோ அடைத்தால், டெலிவரியில் எதையும் மாற்றாமல் இருக்கும்போதே வெற்றிடம் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். சக்‌ஷன் குழாயின் உள்ளுறை பிரிந்து மடிந்துகொண்டாலும் வெற்றிடம் ஏறும். அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது என்பதால், குழாயைக் கழற்றி ஒரு முனையில் விளக்கைப் பிடித்து மறு முனையிலிருந்து பார்க்க வேண்டும்.

காற்று புகும் இடங்களில் பலரும் கவனிக்கத் தவறுவது தொட்டி வால்வைத்தான். தொட்டி காலியாக இருந்து, அதன் வால்வு முழுமையாக மூடாமல் இருந்தால், பம்பு குளத்து நீருக்குப் பதிலாகத் தொட்டிக் காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். இணைப்பு வாஷர்களும் நீரை வடிக்கும் சிறு வால்வுகளான வடிகால் காக்குகளும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. குழாய் செல்லும் வழியும் முக்கியம். நீரிலிருந்து பம்பு வரை அது ஏறிக்கொண்டே வர வேண்டும்; கரைச்சுவரின் மேல் வளைந்து பம்பை நோக்கி இறங்கினால், அந்த மேட்டில் காற்று தங்கிவிடும். ஸ்ட்ரெய்னருக்கு மேல் 60 செ.மீ. ஆழமாவது நீர் இருந்தால் சுழி உண்டாகிக் காற்று உள்ளே போகும் அபாயம் குறையும்.

கசிவை உறுதிசெய்ய உலர் வெற்றிடச் சோதனை இருக்கிறது. பம்பிலுள்ள நீரை வடித்து, உள்வாய்களை மூடியிட்டு, பிரைமரால் வெற்றிடத்தை ஏற்றி நிறுத்திவிட்டு முள்ளைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் (என்.எஃப்.பி.ஏ.) தரநிலைப்படி 22 அங்குலப் பாதரசம் வரை, அதாவது சுமார் 560 மி.மீ. வரை ஏற்றினால், 5 நிமிடங்களில் 10 அங்குலத்துக்கு மேல் இழக்கக் கூடாது. டெலிவரி வால்வுகளின் மூடிகளை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். வால்வின் இருக்கையில் கசிவு இருந்தால் அப்போதுதான் தெரியும்.

பயிற்சி வீரர்:

இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. எங்கள் முள் ஊசலாடவில்லை; உயர்ந்துதான் நின்றது. இரண்டு டெலிவரிகளும் கட்டாயம் தேவைப்படும் களத்தில் என்ன செய்வது? மேலும், நாசில் பிடிப்பவர்கள் இடம் மாறும்போது இரண்டையும் மூடிவிடுகிறார்கள். அப்போது பம்பை எவ்வளவு நேரம் ஓடவிடலாம்?

ஓய்வுபெற்ற பம்பு இயக்குநர்:

இரண்டும் தேவையென்றால், முதலில் வண்டியை நீருக்கு நெருக்கமாகவும் தாழ்வாகவும் நிறுத்தும் இடத்தைத் தேடுங்கள். 5 மீட்டரை 4 ஆக்கினாலே 74 மி.மீ. உங்கள் கைக்கு வரும். இரண்டு சக்‌ஷன் வாய்கள் உள்ள பம்பானால் இரண்டிலும் குழாய் போட்டு நீரைப் பகிரலாம். ஒவ்வொன்றிலும் நீர் பாதியாகி, இழப்பு கால்பங்காகும். இவை எதற்கும் வழியில்லாவிட்டால், சிறிய நாசில்களைப் போட்டு இரண்டையும் குறைந்த நீரில் ஓட்டுவதுதான் பாதுகாப்பு. எந்த நிலையிலும் இரண்டாவது டெலிவரியை மெதுவாகத் திறந்து, கண்ணைச் சக்‌ஷன் கேஜிலேயே வைத்திருங்கள். த்ராட்டிலைக் கூட்டியும் டெலிவரி அழுத்தம் ஏறாத கணத்தில் சற்றுப் பின்வாங்கி, அதுவே அன்றைய எல்லை என்று நாசில்காரர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த கேள்வி உண்மையில் ஆபத்தானது. எல்லா வால்வுகளும் மூடியிருக்கும்போது எஞ்சின் தரும் சக்தி முழுவதும் பம்புக்குள் இருக்கும் அதே நீரைச் சூடாக்குகிறது. ஓர் எடுத்துக்காட்டுக்கு, பம்பு உறையில் 20 லிட்டர் நீரும் 20 கிலோவாட் சக்தியும் என்று வைத்தால், நிமிடத்துக்கு 14 டிகிரி ஏறும். 30 டிகிரியில் தொடங்கிய நீர் ஐந்தே நிமிடங்களில் 100 டிகிரியைத் தொடும். முதலில் சீல்கள் கெடும். அதைவிட மோசமானது, நாசிலைத் திறக்கும் வீரரின் கையில் கொதிநீர் வருவது. ஆகவே "எவ்வளவு நேரம்" என்று கேட்பதைவிட, நீர் ஓட ஒரு வழியை எப்போதும் திறந்து வையுங்கள். தொட்டிக்குத் திரும்பும் வால்வைச் சிறிது திறந்து, த்ராட்டிலைக் குறைத்து, அவ்வப்போது புறங்கையைப் பம்பு உறைக்கு அருகில் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள்.

குளத்திலிருந்து எடுக்கும்போது இதற்கு இன்னொரு பயனும் உண்டு. நீரோட்டம் அடியோடு நின்றால் சிறு கசிவுகளின் வழியே வரும் காற்று பம்பில் சேர்ந்து, மறுபடி பிரைம் செய்ய வேண்டி வரலாம். தொட்டி நிறைந்துவிட்டால், உபயோகத்தில் இல்லாத ஒரு டெலிவரியில் குழாய் மாட்டி நீரைக் குளத்துக்கே திருப்பிவிடுங்கள். ஆனால் ஸ்ட்ரெய்னரிலிருந்து நன்றாகத் தள்ளி விழச் செய்யுங்கள். அருகில் விழுந்தால், விழும் நீர் கிளப்பும் காற்றுக் குமிழிகளைச் சக்‌ஷன் இழுத்துக்கொள்ளும்.