ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள்ள ஓடற மென்பொருள்) அப்கிரேடு பாதியில நின்ன ரூட்டரை எப்படி மீட்டீங்க? அனுபவத்தை எழுதுங்க

கோபியிலிருந்து:

முதல்ல லைட்டைப் பாக்கோணுமுங்க. எல்லா லைட்டும் சில நொடிக்கொருக்கா ஒண்ணா மின்னி அணைஞ்சா, பூட்லோடர், அதாவது பவர் போட்டதும் ஃபர்ம்வேரைத் தூக்கிவிடற சின்ன புரோகிராம், உசுரோட இருக்குதுன்னு வெச்சுக்கலாம். கெட்டுப்போன ஃபர்ம்வேரைத் தூக்கப் பாத்து, முடியாம திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகுது, அவ்வளவுதான். அப்கிரேடு பெரும்பாலும் பூட்லோடர் இருக்கற பகுதியைத் தொடாது. அதனால கடைக்குத் தூக்கிட்டு ஓட வேண்டாம்.

டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் 9-ம் வெர்ஷனை எடுத்துக்குவோம். கம்ப்யூட்டருக்கு ஐபி 192.168.0.66, மாஸ்க் 255.255.255.0. வைஃபையை அணைச்சுப் போட்டு டிஎஃப்டிபிடி64-ஐ ஓட விடுங்க; டிஎஃப்டிபிங்கற எளிய முறைல ரூட்டருக்கு ஃபைல் குடுக்கற செயலி அது. கேபிள் மஞ்ச லேன் போர்ட்ல, நீலத்துல இல்லை. ரீசெட்டை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பவரைப் போட்டு, டபிள்யூபிஎஸ் லைட் எரியற வரைக்கும் விரலை எடுக்கப்படாது. ரூட்டர் 192.168.0.86-லிருந்து ஃபைல் கேக்கும். என்ன பேர்ல கேக்குதுன்னு டிஎஃப்டிபிடி64 லாக்லயே வந்துடும். அதே பேரை எழுத்து மாறாம கம்பெனி ஃபர்ம்வேர் ஃபைலுக்கு வெச்சு மறுக்கா ஒருக்கா பண்ணுங்க. ஃபைல் போறது சில நொடிதான், ஃபிளாஷ்ல (ரூட்டரோட மெமரி சிப்புல) எழுதறதுக்குத்தான் நேரம் ஆகும். அஞ்சு நிமிஷம் கம்முனு விட்டுடுங்க.

கம்பெனி ஃபைல் பேர்ல 'பூட்'னு இருந்தா, தலைல பூட்லோடரும் ஒட்டிக்கிட்டு இருக்குது. அப்படியே போட்டா எல்லாம் இடம் தள்ளி உக்காந்து மறுபடி படுத்துக்கும். லினக்ஸ்ல ஃபைலை வெட்டி எடுக்கற டிடி கமாண்டுல 512 பைட் பிளாக்கா 257 பிளாக்கைத் தள்ளிட்டு மீதியை எடுக்கோணும். இந்த மாடலுக்கு வெட்டின ஃபைல் 39,32,160 பைட் வரோணும். வரலைன்னா போடாதீங்க.

பல்லடத்திலிருந்து:

மேல சொன்னதெல்லாம் சரிங்க, ஆனா முக்காவாசிப் பேர் கோட்டை விடறது கம்ப்யூட்டர் பக்கம். ரூட்டரை அணைச்சதும் லேன் லிங்க் விழுந்துடுது. திரும்பப் போட்டா விண்டோஸ் எந்திரிச்சு ஐபி புடிக்கறதுக்கு ரெண்டு மூணு நொடி. அதுக்குள்ள ரூட்டர் கேட்டு முடிச்சுட்டுப் போயிருக்கும், லாக் காலியாக் கிடக்கும். நடுவுல சாதா 5 போர்ட் சுவிட்ச் ஒண்ணைப் போட்டா கம்ப்யூட்டர் லிங்க் விழாது. பத்துத் தடவை வராதது முதல் தடவையே வரும். அடுத்தது ஃபயர்வால், டிஎஃப்டிபி வர்ற யுடிபி 69 போர்ட்டை அது அடைச்சுடும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு ஃபயர்வாலை அணைச்சுடுங்க.

நெட்கியருக்கு என்எம்ஆர்பி ஃபிளாஷ்னு தனிச் செயலி இருக்குது. அதை ஓட விட்டுட்டு அப்புறம்தான் ரூட்டருக்குப் பவர் குடுக்கோணும். பூட் ஆகற முதல் சில நொடியை விட்டா அது பேசாது. ஆசஸ்ல ரீசெட்டோட பவர் போட்டு, பவர் லைட் மெதுவா மின்ன ஆரம்பிச்சா 192.168.1.1-க்கு டிஎஃப்டிபில ஃபைலைப் போடலாம்.

ஈரோட்டிலிருந்து:

டிஎஃப்டிபியே வரலைன்னாத்தான் மூடியைக் கழட்டோணும். யுஎஸ்பி சீரியல் அடாப்டர், 3.3 வோல்ட், 115200 வேகம். ரூட்டர் போர்டுல இருக்கற சீரியல் பின்னுக்கு கிரவுண்டு, டிஎக்ஸ் (அனுப்பறது), ஆர்எக்ஸ் (வாங்கறது) மூணு ஒயர் போதும். ஒரு பக்க டிஎக்ஸ் மறுபக்க ஆர்எக்ஸுக்குப் போற மாதிரி மாத்திப் போடோணும். நாலாவது பவர் பின்னைத் தொடவே வேண்டாம், ரூட்டருக்கு அதோட அடாப்டரே பவர் குடுக்கும். சீரியல் அடாப்டர் ஜம்பர் 5 வோல்ட்ல இருந்தா ரூட்டர் சிப்பே போயிடலாம்.

ஒயரெல்லாம் சரியா இருந்தும் சீரியல்ல ஒரு எழுத்துகூட வரலைன்னா பெரும்பாலும் பூட்லோடர் போச்சு, ஃபிளாஷ் சிப்பை நேரா எழுதோணும். கருப்பு போர்டு சிஎச்341ஏ புரோகிராமர் (சிப்பைப் படிச்சு எழுதற கருவி) மலிவுதான், ஆனா டேட்டா கால்ல 5 வோல்ட் விடும்; அதைச் சரி பண்ணிட்டுத்தான் கிளிப்பை மாட்டோணும். எழுதறதுக்கு முன்னாடி பழசை ரெண்டு தடவை படிச்சு, ரெண்டும் ஒண்ணா இருக்குதான்னு ஒப்பிட்டு பத்திரப்படுத்துங்க. 841என்ல சிப்போட கடைசி 64 கேபில இருக்கறது அந்தப் பெட்டிக்கே உரிய வைஃபை அளவீடு. அடுத்தவன் டம்ப்பை (சிப் நகலை) முழுசா எழுதினா ரூட்டர் எந்திரிக்கும், ஆனா வைஃபை சரியா எட்டாமப் போகலாம்.

பொள்ளாச்சியிலிருந்து:

ரெண்டே விஷயம். ஸ்டிக்கர்ல இருக்கற வெர்ஷன் நம்பரைப் பாக்காம ஃபைல் எறக்காதீங்க, 9-ம் 10-ம் ஒண்ணில்லை. மாதாந்திர ஷட்டவுன் அன்னிக்குக் காலைல ஒம்பது மணிக்குக் கிட்டத்துல அப்கிரேடுல கை வெக்காதீங்க. மினி யுபிஎஸ் இருந்தா அதுல போட்டுப் பண்ணுங்க, ஆனா 841என்னுக்கு யுபிஎஸ்ல 9 வோல்ட் ஓட்டைல மாட்டோணும், 12-ல இல்லை. ஃபைபர்காரங்க குடுத்த, ஃபைபர் ஒயர் நேரா வந்து சேர்ற ஓஎன்டி பெட்டின்னா இதுல எதையும் முயற்சி பண்ண வேண்டாமுங்க, அவங்களைக் கூப்பிட்டு மாத்திக்கறதுதான் வழி.