விஎஸ் கோடில் 3.8-ஐத் தேர்ந்தெடுத்தும் பைதான் 3.12-தான் ஓடுகிறது: உதவி தேவை

துரைப்பாக்கம்_நிரலர், மாலை 6:42
வணக்கம். என் கணினியில் இரண்டு திட்டங்கள் உள்ளன. பழையதற்குப் பைதான் 3.8 வேண்டும், புதியதற்கு 3.12. பழைய திட்டத்தின் கோப்புறையை விஎஸ் கோட் எடிட்டரில் திறந்து, இன்டர்ப்ரெட்டர் (நிரலை ஓட்டும் பைதான்) பட்டியலில் 3.8-ஐத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஆனாலும் நிரலை ஓட்டியதும் ‘டிஸ்ட்யூடில்ஸ்’ என்ற மாட்யூல் இல்லை என்று பிழை வருகிறது. பைதானை இரண்டு முறை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவியும் பயனில்லை. நாளை காலை கிண்டியில் வாடிக்கையாளர் முன்னால் இதை ஓட்டிக் காட்ட வேண்டும். விரைவாக உதவுங்கள்.

பெரம்பூர்_பைதான், மாலை 6:51
விண்டோஸா, உபுண்டுவா, மேக்கா? திட்டத்துக்கெனத் தனி வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (வென்வ், அதாவது அந்தத் திட்டத்துக்கு மட்டுமான பைதான் சூழல்) உருவாக்கியிருக்கிறீர்களா, அல்லது பொது நிறுவலையே பயன்படுத்துகிறீர்களா? பிழைச் செய்தியை முழுவதுமாக ஒட்டுங்கள். கடைசி வரியை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மயிலை_மணி, மாலை 6:58
இதற்கு ஒரே வரியில் தீர்வு உண்டு. டிஸ்ட்யூடில்ஸ் பைதான் 3.12-இல் நீக்கப்பட்டுவிட்டது, பிப் என்ற நிறுவல் கருவி மூலம் செட்அப்டூல்ஸ் தொகுப்பை நிறுவினால் அதன் உள்ளேயே டிஸ்ட்யூடில்ஸும் கிடைத்துவிடும். என் திட்டங்கள் எல்லாவற்றிலும் இப்படித்தான் செய்திருக்கிறேன்.

அடையாறு_ஆலமரம், இரவு 7:10
மாதம் இருமுறையாவது இதே கேள்வி இங்கே வருகிறது, தம்பி. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பொறுமை இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். பாத் சூழல் மாறியில் (நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் வரிசை) எந்தப் பைதான் முதலில் இருக்கிறதோ அதுதான் ஓடும் என்பது அரிச்சுவடி. மீண்டும் மீண்டும் நிறுவுவதால் அந்த வரிசை இன்னும் குழம்புமே தவிரச் சரியாகாது. 3.8-இன் பாதையை மேலே நகர்த்துங்கள்.

பெரம்பூர்_பைதான், இரவு 7:16
ஐயா, பாத் வரிசையை மாற்றினால் நாளை புதிய திட்டம் 3.8-இல் ஓடத் தொடங்கிவிடும். இரண்டையும் அருகருகே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதானே அவர் கேள்வி? மணி சொல்லும் வழியில் பிழை மறையலாம், ஆனால் 3.8-க்காக எழுதிய நிரல் 3.12-இல் ஓடுகிறது என்ற உண்மை அப்படியே இருக்கும். அடுத்த பிழை வாடிக்கையாளர் முன்னால் வெடித்தால் அவர் என்ன செய்வார்?

துரைப்பாக்கம்_நிரலர், இரவு 7:31
மன்னிக்கவும், விவரங்களை விட்டுவிட்டேன். விண்டோஸ் 11. பை லாஞ்சரில் (பைதான் பதிப்பைத் தேர்ந்து தொடங்கும் கருவி) 3.8-ஐக் குறிப்பிட்டுத்தான் திட்டக் கோப்புறைக்குள் வென்வ் உருவாக்கினேன். டெர்மினலில் பதிப்பைக் கேட்டால் 3.8.10 என்றே வருகிறது. கீழே வலது மூலையிலும் 3.8.10தான் தெரிகிறது. ஓட்டும்போது மட்டும் பிழை.

நாவலூர்_நித்தியன், இரவு 7:38
3.8-ஐ இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள்? அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. பதிப்பு எண்களை ஒப்பிடுவதற்காக மட்டும் டிஸ்ட்யூடில்ஸை அழைக்கிறீர்கள் என்றால், அந்த இடத்தில் ‘பேக்கேஜிங்’ நூலகத்தைப் பயன்படுத்தி, முழுத் திட்டத்தையும் 3.12-க்கு ஏற்றிவிடுவதுதான் நேர்மையான வழி.

அடையாறு_ஆலமரம், இரவு 7:45
அதற்கு நான் உடன்பட மாட்டேன். வாடிக்கையாளரின் சர்வரில் எது ஓடுகிறதோ அதைத்தான் நம் கணினியிலும் ஓட்ட வேண்டும். டிஸ்ட்யூடில்ஸ் விலக்கப்படும் என்று 2021-இல் வந்த 3.10-இலேயே எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான், 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் நீக்கினார்கள். இரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டு இன்றிரவு பதிப்பை ஏற்றச் சொல்வது அறிவுரையே அல்ல.

நாவலூர்_நித்தியன், இரவு 7:49
இன்றிரவே ஏற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தள்ளிப்போடுகிறவர்கள் எப்போதும் சர்வரைத்தான் காரணம் காட்டுகிறார்கள். ஆதரவு நின்றுபோன பதிப்பில் வாடிக்கையாளரின் கணக்குகளை ஓட்டுவது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

பெரம்பூர்_பைதான், இரவு 7:55
அந்த விவாதத்தைப் பிறகு தொடரலாம். நண்பரே, டெர்மினலில் 3.8.10 என்று வருவதால் உங்கள் வென்வ் சரியாகவே இருக்கிறது. நிரலை எப்படி ஓட்டுகிறீர்கள்? வலது மேல் மூலையில் இருக்கும் முக்கோணப் பொத்தானை அழுத்தினால், முடிவு டெர்மினல் தாவலில் வருகிறதா, அவுட்புட் தாவலில் வருகிறதா? அவுட்புட் என்றால் அதன் முதல் வரியை அப்படியே ஒட்டுங்கள்.

துரைப்பாக்கம்_நிரலர், இரவு 8:04
அவுட்புட் தாவலில்தான் வருகிறது. முதல் வரி: [ரன்னிங்] பைதான் -யூ, அதை அடுத்துக் கோப்பின் முழுப் பாதை.

பெரம்பூர்_பைதான், இரவு 8:12
சிக்கல் அந்த வரியில்தான் இருக்கிறது. அது பைதான் நீட்டிப்பு எழுதியது அல்ல. ‘கோட் ரன்னர்’ என்ற வேறொரு நீட்டிப்பு எழுதியது. நீங்கள் எந்த இன்டர்ப்ரெட்டரைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், கோட் ரன்னர் இயல்பாக ‘பைதான்’ என்ற வெறும் பெயரைத்தான் அழைக்கும். விண்டோஸ் பாத் வரிசையைப் பார்த்து உங்கள் 3.12-ஐ எடுத்துக் கொடுத்துவிடும். அந்த அளவில் ஆலமரம் ஐயா சொன்ன காரணம் சரிதான். ஆனால் பாத் மீது கைவைக்கத் தேவையில்லை. அதே முக்கோணத்தின் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியை அழுத்தி, ‘ரன் பைதான் ஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது நீங்கள் தேர்ந்தெடுத்த வென்வ்-ஐயே பயன்படுத்தும். கோட் ரன்னர் இல்லாமல் முடியாது என்றால், அதன் ‘எக்ஸிக்யூட்டர் மேப்’ அமைப்பில் பைதானுக்கு எதிரே வெறும் பெயருக்குப் பதிலாக, டாலர் குறியோடு ‘பைதான்பாத்’ என்ற மாறியை இடுங்கள். நான் அந்த நீட்டிப்பைத் திட்டத்தளவில் முடக்கியே வைத்திருக்கிறேன். சரிபார்க்க, நிரலின் தொடக்கத்தில் சிஸ் மாட்யூலின் ‘எக்ஸிக்யூட்டபிள்’ மதிப்பை அச்சிடுங்கள். உண்மையில் எந்தப் பைதான் ஓடுகிறது என்பதை மூலையில் தெரியும் எண் சொல்லாது. அந்த மதிப்பு சொல்லிவிடும்.

மயிலை_மணி, இரவு 8:20
கோட் ரன்னரை நான் யோசிக்கவே இல்லை. என் கணினியிலும் அந்த வரிதான் வருகிறது. இத்தனை நாள் எந்தப் பதிப்பில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

அடையாறு_ஆலமரம், இரவு 8:27
இன்னொன்றையும் கவனியுங்கள், தம்பி. நாளை கிண்டிக்கு வேறு மடிக்கணினியை எடுத்துச் செல்வதாக இருந்தால், வென்வ் கோப்புறையைப் பெயர்த்து எடுத்துப் போகாதீர்கள். அதற்குள் பாதைகள் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். வேறு இடத்தில் அது இயங்காது. தேவையான தொகுப்புகளின் பட்டியல் கோப்பை மட்டும் எடுத்துச் சென்று, அங்கே புதிதாக உருவாக்குங்கள்.

துரைப்பாக்கம்_நிரலர், இரவு 9:40
அம்புக்குறி வழியே ஓட்டினேன். வென்வ்-இன் பாதை அச்சாகிறது, பிழை இல்லை. இதே மடிக்கணினியைத்தான் கொண்டு செல்கிறேன். மிக்க நன்றி.